கோரைக்கு அடித்த மருந்து

புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது பாத்தியில் கோரையின் நுனியெல்லாம் மஞ்சளாகியிருந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை நான் பயிற்சிக்காக மதுரைக்குக் கிளம்பியபோது அது இடுப்பு உயரத்தில் கரும்பச்சையாக நின்றது. ஐந்து நாளில் ஒரு செடி இப்படி ஆகாது. தண்ணீர் இல்லாவிட்டால் வாடும். சத்துக் குறைந்தால் அடியிலிருந்து வெளுக்கும். நோய் என்றால் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். இது ஒரே சீராக, ஒரு மூலை விடாமல் இருந்தது. கோரைக்கு இடையே வரிசையாக நட்டிருந்த சம்பு என்ற நீர்ப்புல் மட்டும் பச்சை மாறாமல் நின்றது. அதை அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க அந்த மழைக்காகத்தான் காத்திருந்தது. எனக்கு மட்டும் அது இன்னும் சில நாள் வர வேண்டாம் என்றிருந்தது.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம், புதுவயலுக்குக் கிழக்கே இருக்கிறது. குடிக்கவும் சோறு வடிக்கவும் ஒரே ஊருணி. அதன் கரையில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள், குடத்தைத்தான் வைப்பார்கள். ஆனால் மழை பெய்தால் வரத்துக்கால் வழியாக வந்து சேருகிற தண்ணீர் முழுவதும் வயல்களைக் கழுவிக்கொண்டு வருவது. யூரியாவும் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அதோடு வந்தன. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊருணி பச்சைப் பாசியாகி நாறியது. ஊர் கூடி வரத்துக்காலை மண் கொட்டி அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு நேராக ஊருணிக்குள் விழுகிற மழைதான். மாசி பிறப்பதற்குள் தரை தெரியும். மற்ற நாளெல்லாம் குழாய்த் தண்ணீர். அதில் பருப்பு வேகாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். படிப்பு முடிந்து ஒரு தொண்டு அமைப்பில் வேலை கிடைத்ததும், முதல் வேலையாக எங்கள் ஊருணியையே கேட்டு வாங்கினேன். திட்டம் எளிமையானது. வயல் வடிநீரை ஊருணிக்குள் நேராக விடாமல் முதலில் ஒரு குழியில் நிறுத்தி வண்டலைத் தங்கவிடுவது. பிறகு ஜல்லியும் மணலும் பரப்பிய இரண்டு நீளப் பாத்திகளில் மெதுவாக ஊறி நடக்கவிடுவது. பாத்தி நிறையக் கோரையும் சம்பும். அவற்றின் வேரும், வேரைச் சுற்றி வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் உரத்தையும் நஞ்சையும் தின்றுவிடும். கடைசியில் ஒரு பலகை மடை. அதைத் தூக்கினால் தண்ணீர் ஊருணிக்கு. பலகை இறங்கியிருக்கும்போது நிறைந்துவிட்டால் பக்கத்துக் கரையை வெட்டிப் பொட்டலுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

இதைக் கோயில் முன்னால் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். விவசாயம் செய்கிற ஊரில் கோரையை வளர்க்கப்போகிறேன் என்றால் வேறென்ன செய்வார்கள்? வயலில் கோரை கண்டால் அது அந்த வீட்டுக்கே அவமானம். எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவரை அம்பலம் என்போம். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "நாங்க காலங்காலமா கோரையப் புடுங்கியே கூன் விழுந்து போயிட்டோம். தம்பி படிச்சிட்டு வந்து அதப் பயிரு வைக்கப் போகுதாம்ல" என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் சத்தமாகச் சொன்னேன். "கெட்டுப்போன தண்ணிக்குக் கோரைதாங்கய்யா மருந்து!"

அந்த ஒரு வாக்கியம்தான் ஊரைச் சம்மதிக்க வைத்தது. கூட்டத்தின் கடைசியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொழிலே மருந்தடிப்பது. சுற்று வட்டாரத்தில் யார் வயலில் பூச்சி விழுந்தாலும் களை மண்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதுகில் எஞ்சின் டேங்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து நடந்து, அந்தச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அத்தனை சிரிப்புக்கு நடுவில் அவர் காதில் விழுந்தது இரண்டே சொல், கோரை, மருந்து.

அவருக்குத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டினேன். வீட்டில், "வேல எப்படிப் போகுது?" என்பார், "போகுதுப்பா" என்பேன். படித்த மகனைக் குடைந்து கேட்பது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாத்தியில் நாற்று நட்ட வாரம் அவர் சிங்கம்புணரிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

வியாழக்கிழமை விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. குடையும் அளவுகோலுமாகப் பாத்திக் கரையிலேயே நின்றேன். குழி நிறைந்து, முதல் பாத்தி நிறைந்து, இரண்டாவது பாத்தியில் மஞ்சள் கோரை தலை சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நான் சொல்லும்வரை பலகையைத் தூக்க வேண்டாம் என்று அம்பலத்திடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, மாற்றுச் சட்டையை எடுத்தேன். அம்மா இல்லை. அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்துருச்சு மழ. இனி வேரும் அழுகிப் போயிரும்" என்றார்.

"எந்த வேருப்பா?"

"ஒம் பாத்திக் கோரைதான். நட்ட சம்புக்கு நடுவுல பூராம் மண்டிக் கெடந்துச்சு. ஊரு வயலுக்கெல்லாம் மருந்தடிக்கிறவன் மகன் பாத்தியப் பாருன்னு டீக்கடையில ஒரே கேலி. சனிக்கெழம விடியக் காலமே போயி அடிச்சு விட்டேன். சம்புல ஒரு சொட்டுப் படல. நீயும் அன்னைக்குக் கோயில்ல வச்சுச் சொன்னீல, கோரைக்கு மருந்துன்னு."

கையிலிருந்த சட்டை நழுவியது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மகனுக்கு ஒத்தாசை செய்த சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. சட்டையில்லாமலே ஓடினேன்.

ஓடும்போதே கணக்குப் போட்டேன். அடித்த மருந்தில் பாதி இலையில். மீதி மணலில். சாதாரண நாளில் பாத்தியைக் கடக்கத் தண்ணீருக்கு இரண்டு நாள் ஆகும். இந்த மழைக்கு இரண்டு மணி நேரம் போதும். அதோடு செத்துக்கொண்டிருக்கிற வேர் எதைத் தின்னும்? பலகை இறங்கியிருக்கிறது, பலகை இறங்கியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

பலகை தூக்கியிருந்தது.

மடையில் தேங்காய் உடைத்திருந்தார்கள். சூடம் நனைந்து புகைந்துகொண்டிருந்தது. ஊருணியின் தரையை மூடிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பரவியிருந்தது. கரையில் முப்பது பேருக்கு மேல் மழையில் நின்றார்கள். முதல் குடத்தைச் சாமிக்கு வைத்து, ஆளுக்கு ஒரு கை தீர்த்தமும் கொடுத்து முடித்திருந்தார்கள். என் அம்மா ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குடிச்சியாம்மா?"

"பின்னே? எத்தன வருசம் கழிச்சு வந்த தண்ணி! என்னடா மேலுக்குச் சட்டகூட இல்லாம ஓடியாற?"

நான் பலகையைப் பிடித்து அழுத்தினேன். அம்பலம் என் தோளைப் பிடித்தார். "தம்பி, என்ன பண்றீக? வந்த தண்ணிய வாசல்ல நிறுத்தக் கூடாது. அதான் தூக்கி விட்டேன்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆபீஸ்ல சோதிச்சுப் பாத்துட்டுத்தான் விடணும்னு சொல்லிட்டாகய்யா" என்றேன்.

"சாமிக்கே வச்சாச்சு. சாமிக்கு மேல என்ன ஆபீசு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினார். உறவில்லை, பழக்கத்தில் சின்னம்மா. அவர் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்திருந்தது. "வாயும் வயிறுமா இருக்கா, ஊருணித் தண்ணியில ஒரு வாய்ச் சோறு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்யா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் நான் போய்க் குடத்தைப் பிடித்து இழுத்தேன். அது படியில் விழுந்து உருண்டது. தண்ணீர் அவர் சேலையெல்லாம் கொட்டியது.

நிறைகுடத்தைத் தட்டிவிடுவது எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குச் சாபம் விடுவது மாதிரி. சின்னம்மா கூப்பாடு போடவில்லை. "ஏன்யா, ஒனக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க அப்பா பாத்தியில மருந்தடிச்சிட்டாரு சின்னம்மா. நட்ட கோரைன்னு தெரியாம அடிச்சிட்டாரு. அந்தத் தண்ணிதான் இது."

சொல்லி முடித்துத் திரும்பினால் அப்பா நிற்கிறார். என் சட்டையை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பதை வைத்துப் புரிந்துகொண்டார். சட்டையை அம்மாவிடம் கொடுத்தார். யாரோ ஒருவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். "எங்குட்டு வெட்டணும்?" என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். நான் பலகையை இறக்கினேன், அவர் பொட்டல் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டார். யாரும் உதவிக்கு வரவில்லை. பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"தண்ணியச் சுத்தம் பண்ண வந்தவக வீட்டுலேருந்தே வெசமா?"

"அப்பன் வெசம் வைப்பானாம், மகன் முறிப்பானாம். நல்ல பொழப்புடா."

"ஏய், தீர்த்தம் குடிச்சவுக நெலம என்ன? அதச் சொல்லுங்கடா மொதல்ல!"

அதுதான் என் பயமும். காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் போனில் கேட்டேன். ஒரு கை தண்ணீர், அதிலும் மழையில் கரைந்தது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். எனக்கு அந்தப் 'பெரும்பாலும்' போதவில்லை. தீர்த்தம் குடித்தவர்கள் பதினேழு பேர். ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு காலையும் மாலையும் வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சிலர் வாசலிலேயே, "இன்னும் சாகல, போயிட்டு வாங்க" என்றார்கள். மூன்றாம் நாள் அம்மா ஆட்டாங்கல்லில் மாவாட்டும்போது தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தார். நான் ஓடிப்போய் அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்தேன்.

"இன்னைக்குச் சஷ்டி, வெறும் வயிறுடா. நீ பாக்குற பார்வையிலதான் எனக்கு மயக்கமா வருது. அங்குட்டுப் போ" என்றார் அம்மா.

எங்கள் மேடம், அதாவது என் மேலதிகாரி, வந்து ஊருணித் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எந்த மருந்து என்று கேட்டார். "களைக்கொல்லிதானே?" என்று அப்பாவிடம் கேட்டேன். "ஆமா" என்றார். காலி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பெயரை எழுதி அனுப்பினோம். முடிவு வரும்வரை யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று கரையில் முள் வெட்டிப் போட்டார்கள். அந்த நாட்களில் அப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் முடிவு என் போனுக்கு வந்தது. கண்டறியப்படவில்லை. அந்தச் சொல்லை நான்கைந்து முறை படித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். பதினேழு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேராக விழுந்த மழையும் சேர்ந்து ஊருணியில் முழங்கால் அளவுத் தண்ணீர் இருக்கிறது. முள்ளை எடுத்துவிடலாம். கிளம்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டார், "அந்த ஒரு மருந்து மட்டுந்தான் பாத்தாகளா?"

"அதானப்பா அடிச்சீக?"

"மொத நாளு ஒரு வயலுக்குப் பூச்சி மருந்து அடிச்ச மிச்சம் டேங்கு அடியில கெடந்துச்சு. கீழ ஊத்த மனசு வரல. அதுலயேதான் இதையும் ஊத்திக் கலக்குனேன். எப்பவும் அப்படித்தான்."

"இத ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?"

"களைக்கொல்லியான்னு கேட்ட. ஆமான்னேன்."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். இந்த இடத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் எனக்குத் தோன்றியது, யாருக்குத் தெரியும் என்பதுதான். டேங்கின் அடியில் கிடந்தது எவ்வளவு இருந்துவிடப் போகிறது? இத்தனை நாள் வெயிலில் அது சிதைந்திருக்கும். குடித்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஊர் முன்னால் இன்னொரு தடவை நின்றால் திட்டமும் போகும், வேலையும் போகும், அப்பாவுக்கு இந்தப் பக்கத்தில் பிழைப்பே இருக்காது. காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் நான் படித்த பாடத்திலிருந்தே வந்தன. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்பலத்துகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"எதுக்குப்பா?" என்றேன். கேட்டேதான் விட்டேன்.

"ஒங்கம்மாவும்ல குடிச்சிருக்கா" என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பின்னால் போனேன்.

அம்பலம் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்பலம் காலால் நெல்லைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானா, இல்ல இன்னும் எதுவும் மிச்சம் வச்சிருக்கீகளா?"

"அவ்வளவுதான்."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பா. நாளைக்கு வந்து எலி மருந்துன்னு சொல்லாதீக."

அப்பா நிஜமாகவே கண்ணை மூடி யோசித்தார். "இல்ல" என்றார்.

இனிச் சோதித்துச் சொன்னாலும் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று, மறுநாள் ஆயில் எஞ்சின் வைத்து ஊருணியை இறைத்தார்கள். இரண்டு பகல் இறைத்தது. ஆறு வருடம் காத்திருந்து வந்த தண்ணீர் குழாய் வழியாகப் பொட்டலில் பாய்ந்து மண்ணுக்குள் போனது. பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. தரை தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தினார்கள். இனி மழை பெய்யாவிட்டால் இந்த வருடம் அவ்வளவுதான்.

பாத்தியைத் தோண்டி மணலை மாற்றினோம். கண்மாய்க் கரையில் கோரையை வேரோடு பறித்து வந்து நட்டோம். பறிக்க அப்பாவும் வந்தார். வேர் அறாமல் கிளப்ப அவருக்குத் தெரியவில்லை. பிடுங்கிப் பிடுங்கித் தூர எறிந்தே பழகிய கை. பாதிக் கோரை அறுந்துதான் வந்தது. ஒவ்வொரு தடவையும், "ச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நட்டது வேர் பிடிக்கும்வரை மழை வரக்கூடாது, வேர் பிடித்த பிறகு வராமலும் இருக்கக்கூடாது. காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். மேகம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். கார்த்திகை பாதிக்கு மேல் ஒரே ஒரு நல்ல மழை பெய்தது. பாத்தியில் முழுசாக இரண்டு நாள் நிறுத்திவைத்துத்தான் பலகையைத் தூக்கினேன். அம்பலம் பக்கத்தில் நின்றார். தேங்காய் கொண்டுவரவில்லை. இந்த முறை அப்பா தன் வாழ்நாளில் அடித்த மருந்தின் பெயரையெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அத்தனைக்கும் பரிசோதனை கேட்டோம். அத்தனையும் குடிக்கத் தக்க அளவுக்குள் என்று வந்தது.

முள்ளை எடுத்த காலையில் யாரும் வரவில்லை. சின்னம்மா மட்டும் குடத்தோடு வந்தார். அவர் மகளுக்கு அதற்குள் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. படியில் இறங்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"பச்ச ஒடம்புக்காரி வீட்டுல இருக்கா. எடுக்கட்டாய்யா?"

கையில் பரிசோதனைத் தாள் இருந்தது. மனப்பாடமாகவே இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை அதைப் பார்த்தேன். பாத்தியைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். மேல்புறத்தில் எத்தனை வயல், எத்தனை டேங்கு, எதன் அடியில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அசையாமல் நின்றார்.

"எடுங்க சின்னம்மா" என்றேன்.

குனிந்து, குடத்தின் வாயால் தண்ணீரை விலக்கி மொண்டார். இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நான் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் எங்கள் வாசலில் உட்கார்ந்து அவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புப் புகை வந்தது. சோறு வடிக்கிற வாசனை வந்தது. பிள்ளை ஒரு தடவை அழுதது, நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு அழுகை நின்றது.